டீ அண்ட் டீ

பெட்டியில் இருக்கும் பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். வாய் நிறைய வருகிறது. 'டீ அண்ட் டீ' என்று முடித்துக்கொள்கிறார்கள்.

தமிழ்க் காதுக்கு இரண்டு டீ. ஒன்று ஸ்ட்ராங்காக, ஒன்று சர்க்கரை இல்லாமல்.

தெரியாதவர்களுக்காக: மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதை சொல்கிறார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். "கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்" என்கிறான் ஒருவன். திறந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். காய் நகர்த்தும் பலகை கட்டாயம் இல்லை. ஜெயித்தவன், தோற்றவன் இல்லை. ஒரே ஆட்டம் வருஷக்கணக்கில் போகும்.

1974 ஜனவரி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம், லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர். மரப்பலகை மாதிரி அச்சிட்ட காகிதம் ஒட்டிய அட்டைப்பெட்டி. உள்ளே மூன்று சிறு நூல்கள். முதல் அச்சு 1,000 பெட்டி. விலை 10 டாலர்.

எழுதியவர்கள் இருவர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன். கைகாக்ஸ் இன்சூரன்ஸ் வேலை போய், வீட்டு நிலவறையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர்.

நிலவறை. சரி.

அட்டையில் ஒரு துணைத்தலைப்பு உண்டு. காகிதம், பென்சில், பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடக்கூடிய கற்பனை இடைக்காலப் போர் விளையாட்டுகளுக்கான விதிகள் என்று போகிறது. 'ரோல்பிளே' என்ற சொல் அதில் இல்லை. இன்று இந்த வகைக்கே அதுதான் பெயர். ஆடியவர்கள் பிறகு வைத்துக்கொண்டது.

எழுதும்போது இருந்த தற்காலிகப் பெயர்: 'த ஃபேண்டசி கேம்'. கற்பனை விளையாட்டு. கோப்பின் மேல் குமாஸ்தா எழுதிய மாதிரி.

பிறகு கைகாக்ஸ் சொற்களை இரண்டு வரிசையாக எழுதி வீட்டாரிடமும் கூட ஆடுகிறவர்களிடமும் காட்டினாராம். சின்ன மகளுக்கு டன்ஜனும் டிராகனும் பிடித்துவிட்டது. அவரே பிற்காலத்தில் சொன்ன கதை. 

ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு சொல். மோனை. குழந்தைக்குப் பிடிக்காமல் என்ன செய்யும்.

டன்ஜனுக்குத் தமிழ் என்ன?

நிலவறை. பாதாளச் சிறை. எதுவும் பொருந்தவில்லை. இவர்களுடைய டன்ஜனில் கைதி கிடையாது. சுரங்க வழி, அறை, அறைக்குள் பூதம், பூதத்தின் காலடியில் பொற்காசு.

சொல்லின் பூர்வீகம் பழைய பிரெஞ்சு. டோன்ஜோன். கோட்டையின் நடுக் கோபுரம், பிரபு குடியிருக்கும் இடம். கோபுரத்தில் இருந்த சொல் எப்படியோ படியிறங்கி அடித்தளத்துக்கு வந்துவிட்டது.

இதற்கெல்லாம் முன்னால் இந்த மாதிரி ஆட்டத்துக்கு வேறு பெயர் இருந்தது. பிரவுன்ஸ்டைன்.

1969. மினியாபொலிஸும் செயின்ட் பாலும் சேர்ந்த இரட்டை நகரம். டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலப் போர் ஆட்டம் ஒன்றை வைத்தார். ஊரின் பெயர் பிரவுன்ஸ்டைன். கற்பனையான ஜெர்மன் ஊர். படை நடத்துபவர்கள் போக மீதிப் பேருக்கு மேயர், வங்கி முதலாளி, பல்கலைக்கழகத் தலைவர் என்று வேஷம் கொடுத்தார். ஆடியவர்கள் போரை விட்டுவிட்டார்கள். அவரைத் தனியே இழுத்துப்போய் ரகசியத் திட்டம் சொன்னார்கள். ஆட்டம் கைமீறிப் போயிற்று. தோல்வி என்று முடிவுகட்டினார் வெஸ்லி.

அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அதன்பிறகு எந்த ஊரில் எந்தக் காலத்தில் நடந்தாலும் அது 'ஒரு பிரவுன்ஸ்டைன்'. தென்னமெரிக்கக் குடியரசு ஒன்றில் நடக்கும் பிரவுன்ஸ்டைன். கவ்பாய் ஊரில் நடந்தபோது மட்டும் பிரவுன்ஸ்டோன்.

ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு மாங்கனீசு டையாக்சைடு என்று பொருள். பழுப்புக் கல். டார்ச் செல்லுக்குள் இருக்கும் கறுப்புப் பொடி. சின்ன வயதில் தீர்ந்துபோன செல்லைக் கல்லால் உடைத்து, சட்டையெல்லாம் கரியாகி, அடி வாங்கியது ஞாபகம் வருகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1971 ஏப்ரல். ஆர்னிசன் தன் சிற்றிதழில் ஓர் அறிவிப்புப் போடுகிறார். தன் வீட்டில் இடைக்கால 'பிரவுன்ஸ்டைன்' நடக்கும். புராண ஜந்துக்கள் வரும். ட்ரோலின் பாலத்தடியில் போக்கர் சீட்டாட்டம் உண்டு. சிற்றுண்டி வழக்கம்போல.

சிற்றுண்டி வழக்கம்போல என்பதைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

1968-இல் லேக் ஜெனீவாவில் போர் விளையாட்டுக்காரர்களின் ஆண்டுக்கூட்டம் ஒன்று தொடங்கியது. பெயர் 'ஜென் கான்'. போர்க்கைதிகளை எப்படி நடத்துவது என்று உலக நாடுகள் கையெழுத்துப் போட்ட ஜெனீவா கன்வென்ஷனைக் கிண்டல் செய்து வைத்தது. முதல் கூட்டம் நடந்தது அந்த ஊர்த் தோட்டக்கலை மண்டபத்தில். 

முதல் பெட்டியில் வேஷங்கள் மூன்று. சண்டைக்காரன், மந்திரவாதி, மதகுரு.

மந்திரவாதிக்கு அவர்கள் வைத்த பெயர் 'மேஜிக் யூசர்'. மந்திரப் பயனாளர். ரேஷன் கடைப் பலகையில் இருக்க வேண்டிய சொல்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு பட்டம். சண்டைக்காரன் நாலாம் லெவலில் ஹீரோ. எட்டில் சூப்பர் ஹீரோ. ஒன்பதில் பிரபு. மதகுரு மூன்றாம் லெவலில் 'கிராமப் பூசாரி'.

முதல் லெவல் சண்டைக்காரனின் பட்டம் 'வெட்ரன்'. பழம் தின்று கொட்டை போட்டவன் என்று அர்த்தம். பூனை பிராண்டினால் செத்துப்போவான்.

லெவல் என்ற சொல் ஒன்று. வேலை நாலு. ஆளுக்கு லெவல், மந்திரத்துக்கு லெவல், பூதத்துக்கு லெவல், நிலவறையில் எத்தனையாவது தளம் என்பதற்கும் லெவல். 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் கைகாக்ஸ் இதை ஒப்புக்கொள்கிறார். ஆளுக்கு ரேங்க், மந்திரத்துக்கு பவர், பூதத்துக்கு ஆர்டர் என்று பிரித்து வைக்க யோசித்தார்களாம். வைக்கவில்லை. எல்லோருக்கும் பழகிவிட்டதாம்.

ஐந்தாம் லெவல் மந்திரவாதியால் ஐந்தாம் லெவல் மந்திரத்தைப் போட முடியாது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதை விளக்க வேண்டியிருக்கிறது. இன்றுவரை.

விளையாட்டில் வரும் பாத்திரங்களின் பெயர்ப் பட்டியலில் குடும்பமும் கூட்டாளிகளும் ஒளிந்திருக்கிறார்கள்.

டென்சர்: கைகாக்ஸின் மகன் எர்னஸ்ட்டின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டது.

டிராமிஜ்: கூட்டாளி ஜிம் வார்டைத் தலைகீழாகத் திருப்பியது.

வெக்னா: ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் பெயரைக் குலுக்கியது. மந்திரத்தைப் போட்டதும் அது மந்திரவாதியின் மனதிலிருந்து அழிந்துவிடும் என்ற விதியே வான்ஸ் கதைகளிலிருந்து எடுத்ததுதான். நன்றிக்கடனாக ஒரு பிணத்துக்கு அவர் பெயர்.

மெல்ஃப்: இன்னொரு மகனின் ஆட்டத்தாளில் ஆண் என்பதற்கு 'எம்', பக்கத்தில் 'எல்ஃப்'. சேர்த்துப் படித்தார்கள். பெயராகிவிட்டது. இன்றும் 'மெல்ஃபின் அமில அம்பு' என்று ஒரு மந்திரம் இருக்கிறது.

நம் பள்ளி வருகைப் பதிவேட்டில் இனிஷியலையும் பெயரையும் சேர்த்து வாசித்த வாத்தியார்கள் உண்டு.

முதல் விதிகளில் டோல்கீன் கதைகளின் ஹாபிட் இருந்தது. 1977-இல் டோல்கீன் உரிமை வைத்திருந்தவர்களின் வக்கீல் கடிதம் வந்தது. அடுத்த அச்சுகளில் ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனது. மர மனிதன் என்ட் 'ட்ரியன்ட்' ஆனான். பால்ராக் கொஞ்ச நாள் 'ஆறாம் வகைப் பிசாசு' என்று எண்ணாக இருந்து, பிறகு 'பேலர்' என்று திரும்பி வந்தது.

ஹாஃப்லிங் என்ற சொல்லும் டோல்கீனில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கடிதம் போடவில்லை போல.

தமிழில் சித்திரக்குள்ளன் என்று வைத்திருந்தால் எந்த வக்கீலும் வந்திருக்க மாட்டார்.

1975. ஃபீனிக்ஸ் நகரம். கென் செயின்ட் ஆன்ட்ரே. நண்பர் வீட்டில் அந்தப் பெட்டியைப் பார்த்தார். விதிகள் புரியவில்லை. சில நாளில் தானே ஒன்றை எழுதினார். 'டனல்ஸ் அண்ட் ட்ராக்லோடைட்ஸ்' என்று பெயர் வைக்க ஆசை. கூட்டாளிகள் சிரித்தார்கள். 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' ஆயிற்று.

அதில் ஒரு தாக்கும் மந்திரத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், 'இந்தா வாங்கிக்கோடா பாவி'. காயம் ஆற்றும் மந்திரத்துக்கு 'அச்சச்சோ, பாவம்'.

எனக்கு இந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

பிறகு வரிசையாக வந்தவை. செவல்ரி அண்ட் சார்சரி. வில்லன்ஸ் அண்ட் விஜிலன்டிஸ். காசில்ஸ் அண்ட் க்ருசேட்ஸ். 1976-இலேயே பன்னீஸ் அண்ட் பரோஸ். அதாவது முயல்களும் வளைகளும். முயலாக வேஷம் கட்டி ஆட வேண்டும்.

நடுவில் அந்த 'அண்ட்' குறி. முறுக்கு பிழிகிறவர் கை நடுங்கினால் வரும் உருவம். அது இருந்தால் போதும், என்ன விளையாட்டு என்று தெரிந்துவிடும்.

1977 முதல் 'அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. முன்னால் ஒரு பெயரடை. இது வேறு விளையாட்டு, ஆகவே ஆர்னிசனுக்கு இதில் பங்கு இல்லை என்றது விளையாட்டை வெளியிட்ட கம்பெனி. 1979-இல் ஆர்னிசன் வழக்குப் போட்டார். 1981-இல் சமரசம். 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது 'அட்வான்ஸ்டு' கழன்று விழுந்தது. கம்பெனியை வாங்கிய புது முதலாளிகள் அதற்கு முன் ஆர்னிசனோடு கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

கைகாக்ஸின் முறை. 1980-களின் நடுவில் தான் தொடங்கிய கம்பெனியிலிருந்தே வெளியே வந்தார். 1992-இல் புதிதாக ஒன்று எழுதினார். 'டேஞ்சரஸ் டைமன்ஷன்ஸ்'. சுருக்கினால் இரண்டு டீ. பழைய கம்பெனி ஆட்சேபித்தது. 'டேஞ்சரஸ் ஜர்னீஸ்' என்று மாற்றினார். அதற்கும் வழக்கு வந்தது. 1994-இல் முடிந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு 'லெஜண்டரி அட்வென்ச்சர்' என்று பெயர். முதல் சொல் ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையோடு. வேண்டுமென்றேதான்.

தான் ஆட்டத்துக்காகக் கற்பனை செய்த கோட்டையின் பெயரான கிரேஹாக்கையும் பயன்படுத்த முடியவில்லை. கிழவயதில் அதே கோட்டையை 'காசில் ஸாகிக்' என்று வெளியிட்டார். ஸாகிக் என்பது கைகாக்ஸைத் திருப்பிப்போட்டால் வரும் ஒலி.

2000-இல் இன்னொரு மாற்றம். கம்பெனி தன் விதிகளைத் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அதை வைத்துப் புத்தகம் போடலாம். ஒரு நிபந்தனை: தனி அனுமதி இல்லாமல் விளையாட்டின் பெயரை அட்டையில் போடக்கூடாது.

அன்றிலிருந்து பதிப்பாளர்கள் பாடு. 'உலகின் முதல் ரோல்பிளே விளையாட்டுக்கு ஏற்றது.' 'உலகிலேயே அதிகம் ஆடப்படும் ஃபேண்டசி விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்குப் பொருந்தும்.' வெறும் 'ஃபைவ் ஈ'.

என் பாட்டி தாத்தாவின் பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோதும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாள். தாத்தா பெயர் பழனி. மலையைப் பார்த்துக் கும்பிடும்போதும் 'அந்த ஊர் முருகா' என்பாள்.

2006. ஆஸ்ரிக். பழைய முதல் பதிப்பின் விதிகளை வேறு சொற்களில் திருப்பி எழுதிய நூல். ஆடுவதற்காக எழுதப்பட்டது என்று சொல்ல முடியாது. பழைய விளையாட்டுக்குப் புதுக் கதை எழுதுகிறவர்கள் அட்டையில் 'ஆஸ்ரிக்குக்கு ஏற்றது' என்று போட்டுக்கொள்ளலாம். வாங்குகிறவனுக்கு அர்த்தம் தெரியும். 

ஒரு முழுப் புத்தகமே புனைபெயராக.

நீளமாக விரித்தால் பழைய பாணிக் குறிப்புத் தொகுப்பு என்று ஏதோ வரும். ஹாம்லெட்டில் அதே பெயரில் ஓர் அலட்டல் அரசவைக்காரன் இருக்கிறான்.

பழைய பாணிக்காரர்களின் இயக்கத்துக்கு மூன்றெழுத்துச் சுருக்கம். கடைசி எழுத்து மறுமலர்ச்சியா, மீட்சியா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆட்டம் ஒன்றுதான்.

விதிகளைத் திறந்தபோது சில ஜந்துக்களைக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. பிஹோல்டர் அதில் ஒன்று. பெரிய உருண்டை, நடுவில் ஒரு கண், மேலே தண்டுகளில் பத்துக் கண். மற்றவர்கள் அதற்கு வேறு பெயர் தேட வேண்டும்.

ஆந்தைக்கரடியைத் திறந்துவிட்டார்கள். ஆந்தைத் தலை, கரடி உடம்பு. அது பிறந்தது ஹாங்காங்கில் செய்த மலிவுப் பிளாஸ்டிக் பொம்மைப் பையிலிருந்து. பாக்கெட்டில் என்னவோ ஆதிகால மிருகங்கள் என்று போட்டிருந்தது. எந்தக் காலத்து எந்த மிருகமும் அப்படி இருந்ததில்லை. அதே பையிலிருந்துதான் இரும்பைத் தின்னும் துரு ஜந்துவும் வந்தது.

பொம்மை வார்த்த தொழிலாளி எதை நினைத்து வார்த்தாரோ.

ராட்சசனும் இருக்கிறான். நம் ஆள். 1977 ஜந்துக் கையேட்டில் 'ரக்ஷசா'. புலித்தலை. வசதியான உடுப்பு. கையில் புகைக்குழாய். பிற்காலப் பதிப்புகளில் உள்ளங்கை பின்பக்கம் பார்த்திருக்கும். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவான்.

அந்த அம்பு ராமாயணத்திலிருந்து வரவில்லை. 1974-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'கோல்சாக்' என்ற பேய்த்தொடரின் ஓர் அத்தியாயத்திலிருந்து வந்தது.

1980-இல் கடவுளர் கையேடு. இந்திரன், காளி, எமன் எல்லோரும் உண்டு. எமனுக்கும் ஹிட் பாயிண்ட் போட்டிருக்கிறார்கள். அதாவது எத்தனை அடி தாங்குவார் என்ற கணக்கு.

மார்க்கண்டேயன் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

எம்.ஏ.ஆர். பார்க்கர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிப் பேராசிரியர். உருதுப் பாடநூல்கள் எழுதியவர். பிறந்தபோது ஃபிலிப். இஸ்லாத்தைத் தழுவியபின் முகமது அப்துர் ரஹ்மான். 1975-இல் 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' என்ற விளையாட்டை எழுதினார். அதன் உலகத்துக்கென்று ஒரு மொழியே செய்திருந்தார். இலக்கணம், எழுத்து, உச்சரிப்பு விளக்கம் எல்லாம். பாத்திரத்தின் பெயரைச் சரியாகச் சொல்லவே பயிற்சி வேண்டும்.

2012-இல் இறந்தார். நாஜிச் சார்பான நாவல் ஒன்றையும் எழுதியிருந்தார் என்று அவர் படைப்புகளைக் காக்கும் அறக்கட்டளையே 2022-இல் ஒப்புக்கொண்டது.

அதை எழுதியது வேறு பெயரில்.

1980-கள். அமெரிக்கப் பெற்றோருக்குப் பயம் பிடித்தது. பிள்ளைகள் பிசாசு வழிபாட்டில் இறங்கிவிட்டதாக. எதிர்ப்புச் சங்கம் ஒன்று பெயரைச் சுருக்கினால் 'பேட்' என்று வரும்படி வைத்துக்கொண்டது. கெட்டது.

1982-இல் ஒரு தொலைக்காட்சிப் படம். ஆட்டத்தில் மூழ்கிப் புத்தி பேதலிக்கும் மாணவன். நடித்தவர் இளவயது டாம் ஹாங்ஸ். படத்தில் விளையாட்டின் பெயர் 'மேஸஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்'. இங்கும் மோனை. இங்கும் நடுவில் ஓர் 'அண்ட்'.

1989-இல் இரண்டாம் பதிப்பு. பேயும் பிசாசும் புத்தகத்திலிருந்து காணாமல் போயின. இரண்டு வருஷம் கழித்து 'பாடேசு', 'தனாரி' என்ற பெயர்களில் திரும்பி வந்தன. கொம்பு அப்படியே. வால் அப்படியே.

பாடேசு. தமிழ்ப் பாட்டி ஒருத்தியின் வசவு மாதிரி இருக்கிறது.

ஹேக்மாஸ்டர். முதலில் அது விளையாட்டே இல்லை. 'நைட்ஸ் ஆஃப் த டின்னர் டேபிள்' என்ற கேலிப் படக்கதையில் வருகிறவர்கள் ஆடும் கற்பனை விளையாட்டு. எதைக் கிண்டல் செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 2001-இல் அதை நிஜமாகவே வெளியிட்டார்கள். அட்டையில் 'நான்காம் பதிப்பு' என்று போட்டார்கள்.

முதல் மூன்று பதிப்புகள் கிடையாது.

2002-இல் ரான் எட்வர்ட்ஸ் என்பவர் ஒரு கட்டுரையில் வைத்த பெயர்: 'ஃபேண்டசி ஹார்ட்பிரேக்கர்'. டீ அண்ட் டீ மட்டுமே ஆடிப் பழகிய ஒருவர். இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று சொந்தமாக எழுதுகிறார். சேமிப்பைப் போட்டு அச்சடிக்கிறார். அதே எல்ஃப், அதே குள்ளன், அதே இருபது பக்கப் பகடை. எங்கோ ஓரிடத்தில் நிஜமாகவே ஒரு நல்ல யோசனை. யாரும் வாங்கவில்லை.

பரணில் சொந்தச் செலவில் போட்ட கவிதைத் தொகுப்பின் கட்டு வைத்திருக்கும் எவருக்கும் இதை விளக்க வேண்டாம்.

கதை சொல்கிறவருக்கு என்ன பெயர்?

டீ அண்ட் டீயில் 'டன்ஜன் மாஸ்டர்'. அது கம்பெனிச் சொத்து. ஆகவே மற்றவர்கள்: கேம் மாஸ்டர். ரெஃபரி. ஜட்ஜ். கால் ஆஃப் கதுல்லுவில் 'கீப்பர்'. வாம்பயரில் 'ஸ்டோரிடெல்லர்'. காசில்ஸ் அண்ட் க்ருசேட்ஸில் 'காசில் கீப்பர்'. உளவாளி விளையாட்டான டாப் சீக்ரெட்டில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்'. அபோகலிப்ஸ் வேர்ல்டில் 'எம்சி', கல்யாண வரவேற்பில் மைக் பிடிக்கிறவர் மாதிரி. ஜெர்மனியில் 'மைஸ்டர்'.

தமிழில் கட்டியங்காரன் என்று வைக்கலாம். கூத்தில் அவன்தான் வருகிற ராஜாவை யாரென்று கேட்பான். வாயிற்காவலனும் அவனே, தூதனும் அவனே. நடுவில் கேலியும் செய்வான்.

ஜெர்மனியில் டீ அண்ட் டீயை வெளியிடப் பேச்சு நடந்தது. படியவில்லை. அதை மொழிபெயர்த்த உல்ரிஷ் கீசோவிடமே சொந்தமாக ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். 1984. 'தாஸ் ஷ்வார்ட்ஸ ஆவ்கெ'. கறுப்புக் கண். அந்த உலகத்தில் அப்படி ஒரு மந்திரப் பொருள் உண்டு. பல வருஷம் ஆடியவர்களும் அதைப் பார்க்காமல் இருக்கலாம்.

சுவீடனில் 1982. 'டிராகர் ஒக் தெமோனர்'. டிராகன்களும் பிசாசுகளும். விதிகள் வேறொரு அமெரிக்க விளையாட்டிலிருந்து. பெயரின் ஓசை மட்டும் இதிலிருந்து. 2023-இல் அது ஆங்கிலத்துக்குப் போனபோது 'டிராகன்பேன்' ஆகிவிட்டது.

செக் நாட்டில் 1990. 'த்ராச்சி தோவுபியே'. டிராகனின் குகை. அங்கே எந்த ரோல்பிளே விளையாட்டை ஆடினாலும் பேச்சு வழக்கில் 'த்ராச்சாக்' என்பார்கள். நாம் எந்த நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்கிற மாதிரி.

ஜப்பானில் ஆர்பிஜி, அதாவது ரோல்பிளே விளையாட்டு, என்றால் கம்ப்யூட்டர் விளையாட்டு. அது முந்திக்கொண்டது. மேஜையில் ஆடுவதற்கு 'டேபிள் டாக்' என்று முன்னால் சேர்க்க வேண்டியதாயிற்று. மேஜைப் பேச்சு. இருப்பதிலேயே நேர்மையான பெயர் இதுதான் என்று படுகிறது. 1986-இல் ஒரு குழு ஆடியதை அப்படியே எழுதி ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் தொடராகப் போட்டார்கள். அதற்கு 'ரீப்ளே' என்று பெயர். அதிலிருந்து நாவல் வந்தது, அனிமே வந்தது. 'ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்'.

சீனத்தில் 'பாவ்துவான்'. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் ஓடும் குழு. காலையில் ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களின் சங்கத்துக்கும் அதே சொல்.

மேஜைச் சொற்கள் சில.

கேம்பெய்ன்: படையெடுப்பு. போர் விளையாட்டிலிருந்து வந்தது. இப்போது நாலு நண்பர்கள் பீட்சா தின்றுகொண்டு ஆடும் தொடர்கதைக்கும் அதுதான்.

ஹோம்ப்ரூ: வீட்டில் காய்ச்சிய பீர். விதியை, ஊரை, பூதத்தைத் தானே செய்துகொள்வது. தமிழில் சொந்தச் சரக்கு. கச்சிதம்.

மாண்டி ஹால்: அள்ளி அள்ளிப் புதையல் கொடுக்கும் ஆட்டம். டிவியில் பரிசு கொடுத்தவரின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றியது.

க்ரோன்யார்: பழைய பதிப்பே உசத்தி என்று முனகுகிறவர். நெப்போலியனின் பழைய காவற்படைக்கு இருந்த பட்டப்பெயர். முணுமுணுப்பவர்கள்.

மர்டர்ஹோபோ: வீடு வாசல் இல்லாமல் ஊர் ஊராகப் போய் எதிரே வந்தவனைக் கொன்று காசை எடுத்துக்கொள்ளும் வேஷம். பெரும்பாலான வேஷங்கள்.

2023 ஜனவரி. திறந்துவிட்ட உரிமத்தை இறுக்கக் கம்பெனி பார்த்த செய்தி கசிந்தது. கூச்சல். மாதம் முடிவதற்குள் பின்வாங்கி, விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸில் போட்டுவிட்டார்கள். ஆனாலும் அந்த உரிமத்தில் வந்த பாத்ஃபைண்டர் விளையாட்டின் பதிப்பாளர்கள் பயந்து தங்கள் புத்தகங்களைத் துலக்கினார்கள். 'மேஜிக் மிசைல்' அங்கே 'ஃபோர்ஸ் பராஜ்' ஆனது. அம்பு பாய்வது பழையபடிதான்.

செத்தும் சாகாத மந்திரவாதி தன் உயிரை ஒளித்து வைக்கும் பெட்டிக்கு ஒரு சொல் இருந்தது. அது யூதர்கள் தொழுகையில் கட்டிக்கொள்ளும் பெட்டிக்கும் ஆங்கிலத்தில் உள்ள சொல். இப்போது எடுத்துவிட்டார்கள். நல்லது.

ஏழு கடல் தாண்டி, கிளிக்குள் உயிர். அந்தக் கிளிக்கு யாரும் தனிப்பெயர் வைக்கவில்லை.

2024-இல் புதுப் புத்தகங்கள். 'இனம்' போய் 'ஸ்பீஷிஸ்'. இதை ஆறாம் பதிப்பு என்று சொல்லக் கம்பெனி மறுத்தது. ஐந்தேதான் என்றது. ஆடுகிறவர்கள் ஐந்தரை என்கிறார்கள்.

இத்தனையும் பெட்டிக்கு வெளியே.

மேஜையில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெயரே சொல்வதில்லை. "வியாழக்கிழமை உண்டா?" என்று கேட்கிறார்கள். உண்டு. இல்லை. ஒருத்தரின் குழந்தைக்குக் காய்ச்சல். அடுத்த வாரம்.

சிறையிலும் ஆடுகிறார்கள். பகடை சூதாட்டப் பொருள் என்று பல சிறைகளில் அனுமதி இல்லை. காகிதச் சீட்டைச் சுருட்டி எடுக்கிறார்கள். சுழலும் முள் செய்துகொள்கிறார்கள்.

ஒரு சிறையில் ஆட்டத்தையே தடை செய்தார்கள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்பது கும்பல் தலைவன் ஏற்பாட்டைப் போல இருக்கிறது என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஒரு கைதி எழுதி வைத்திருந்த சொந்தச் சரக்கைப் பறிமுதல் செய்தார்கள். கையெழுத்துப் பிரதி, 96 பக்கம். அவர் வழக்குப் போட்டார். 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்றது.

சிறை இருப்பது வாபன் என்ற ஊரில். விஸ்கான்சின் மாநிலம்.